நீலியும் முதலையும்

'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது' என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. நிலக்கரி ஏற்றுமதி செய்த ஊருக்கே அதைச் சுமப்பது வீண்வேலை என்பது பொருள். இதை அப்படியே பெயர்த்து அத்திப்பட்டில் சொன்னால் எடுபடாது. அங்குள்ள வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு எண்ணூர்த் துறைமுகம் வழியாக நிலக்கரி வந்தாக வேண்டும், வராவிட்டால்தான் வம்பு. 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' நம்மிடம் இருக்கிறதே, போதாதா?

இரவல்களையெல்லாம் நாம் வெறுப்பதில்லை. ரயிலோடு வந்த 'பச்சைக்கொடி காட்டுவது' நம்முடையதாகவே ஆகிவிட்டது. அத்திப்பட்டு நடைமேடையில் நிற்பவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நமது வருத்தம் 'முதலைக்கண்ணீர்' பற்றியது. 'நீலிக்கண்ணீர்' இன்னும் வழக்கில் இருக்கிறதுதான். ஆனால் நீலி யார் என்று கேட்டால் இளையோர் விழிக்கிறார்கள். அவள் இதே திருவள்ளூர் மாவட்டத்துக்காரி. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் வணிகனாகப் பிறந்து திருவாலங்காட்டை அடுத்த பழையனூருக்கு வர, அவன் மனைவியின் உருவெடுத்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி ஏந்திக்கொண்டு, ஊரார்முன் அழுதாள். வணிகன் அஞ்சினான். அவனுக்கு ஏதும் நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவதாக வேளாளர் எழுபதின்மர் வாக்களித்து அவளுடன் அனுப்பினர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் தேவாரத்திலேயே இதற்குக் குறிப்பு இருக்கிறது.

முதலை அழுதால் இரை மட்டுமே போகும். நீலி அழுதபோது, அவளை நம்பி வாக்குக் கொடுத்தவர்களும் போனார்கள். மேடைகளில் வடிக்கப்படும் கண்ணீரைப் பற்றி எழுதுகிற நமது செய்தியாளர்களுக்கு இவ்விரண்டில் எது தேவைப்படும் என்று நினைக்கிறீர்கள்?

அந்த எழுபதின்மர் நினைவாக அங்கே ஒரு மண்டபமும் உண்டு. அரக்கோணம் வண்டியில் ஏறித் திருவாலங்காட்டில் இறங்க வேண்டும்.