முறுக்கு போதாது, ஜீனி வேண்டும்

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், மணப்பாறையில் வண்டியை நிறுத்தினால் கைக்கு முதலில் அகப்படுவது முறுக்குப் பொட்டலம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், ஊருக்கே பெருமை. ஆனால், சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் ஓட்டுநருக்கு வந்திருப்பது வெறும் பசி இல்லை, ரத்தச் சர்க்கரை இறங்கியதால் வந்த படபடப்பு என்றால், முறுக்கு அவருக்கு உதவாது. எண்ணெயில் பொரித்த மாவு செரித்து ரத்தத்தில் சேர நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் அவருக்கு இல்லை.

டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். இன்னும் இறங்கினால் நிதானம் தவறும். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே கியரை மாற்றுவார். ஆபத்தை உணர வேண்டிய மூளையே அப்போது மங்கிவிடுவதால், எல்லாப் பொறுப்பையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது.

உடனே வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி ஜீனி அல்லது 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் ஏறவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. வோக்லிபோஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்குக் குளுக்கோஸ்தான் சரி. குடலில் ஜீனி உடைவதை அந்த மருந்து தாமதப்படுத்தும். சர்க்கரை ஏறிய கையோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கவும் கூடாது. சர்க்கரை சீரான பின்னும் 45 நிமிடம் பொறுக்கச் சொல்கிறது பிரிட்டனின் ஓட்டுநர் விதி.

அந்த முக்கால் மணி நேரத்தை நம் ஊரில் யார் தருவார்கள்? டைம் கீப்பர் திட்டுவார், பயணிகள் முணுமுணுப்பார்கள், முதலாளி கைப்பேசியில் அழைத்துக்கொண்டே இருப்பார். உரிமத்துக்கான படிவம் 1, திடீர் மயக்கமோ தலைசுற்றலோ உண்டா என்று கேட்கிறது. உண்மையைச் சொன்னால் பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில்தான் பலரும் சுகரை மறைக்கிறார்கள். சொன்னவரை வேலையை விட்டு நிறுத்தாமல், சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்ப நடையை மாற்றித் தருவது முதலாளிகளால் முடியாத காரியமில்லை.

மருத்துவர்களுக்கும் இதில் பங்குண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தால் சர்க்கரை இப்படி இறங்குவது அரிது. கிளிமிபிரைடும் இன்சுலினும் இறக்கிவிடும். சீட்டு எழுதும் முன் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்க அரை நிமிடம் போதும். 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வண்டி ஓட்டுவீர்களா என்ற கேள்வியும் அந்த மாத்திரையோடு வரட்டும்.

சாலையோரத்தில் தள்ளாடுபவரைப் பார்த்ததும் 'குடிகாரன்' என்று விலகிப் போகிறோமே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் இனிப்பான பானம் கொடுங்கள். நினைவில்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

மணப்பாறை மாட்டுச்சந்தைக்கு வரும் லாரி ஓட்டுநர் மாத்திரையைப் போட்டுவிட்டு, மாடு ஏற்றி முடியட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார். அவர் டீக்காகக் கை நீட்டும்போது விரல் நடுங்கினால், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கடைக்காரர் கேட்கட்டும். பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கட்டும்.