பதிவேட்டில் ஏறாத அருள்

நம் சங்கத்து அன்பர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடினால், ஊர்ச் செய்தியும் உடல் நலமும் பிள்ளைகளின் படிப்பும் பேசி முடிந்தபின், பேச்சு இறுதியில் இறைவனிடத்தில் வந்து நிற்பது வழக்கம். ஊருக்குப் புறப்பட வேண்டிய நாளுக்கு முதல்நாள் பயணச்சீட்டு உறுதியாயிற்று. அது ஆண்டவன் செயல் என்பார் ஒருவர். பெருமழைக்குச் சற்று முன்னரே குழந்தை பள்ளியிலிருந்து வீடு சேர்ந்தது. அதுவும் அவன் கருணையே என்பார் ஓர் அம்மையார். உலகைப் படைத்தவன் நம் வீட்டு அடுப்பங்கரையையும் அறிவான் என்று நம்புவது, சொந்த மண்ணை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்குப் பெருந்துணை. அந்நம்பிக்கையைக் குறைத்துக் கூற நாம் வரவில்லை. அதனை எவ்விடத்தில் ஊன்றுவது என்பதைப் பற்றியே இத்திங்கள் சிறிது ஆராய விரும்புகிறோம்.

ரெயில்வே குமாஸ்தா வேலையில் இருக்கும் நமக்குப் பயணச்சீட்டின் மறுபக்கமும் தெரியும். காத்திருப்போர் பட்டியலில் உள்ள ஒருவருக்கு இடம் கிடைக்கிறதென்றால், பெரும்பாலும் முன்பே இடம் பெற்றிருந்த வேறொருவர் தம் பயணத்தை விலக்கிக்கொண்டிருப்பார். அவர் வீட்டில் காய்ச்சலோ, விடுப்புக் கிடைக்காத வருத்தமோ, நின்றுபோன திருமணமோ, யாரறிவார்? நமக்குக் கிடைத்த இடம் இறைவனின் தனிப்பரிவு என்றால், அதை இழந்தவரை இறைவன் மறந்தானா என்ற வினா எழுகிறது. அவ்வினாவைக் காதில் வாங்காமல் நன்றி மட்டும் கூறிக் கடந்து செல்வது பக்திக்கு அழகன்று.

இவ்வினா நம் நெஞ்சைச் சுட்ட நாள் ஒன்று உண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற கோரமண்டல் விரைவு வண்டி, ஒடிசாவின் பாலேஸ்வர் மாவட்டத்துப் பஹாநகா பஜார் நிலையத்தில் தடம் மாறிப் புகுந்து, அங்கு நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. ஹௌரா நோக்கி வந்த பெங்களூரு வண்டியின் கடைப்பெட்டிகளும் அதில் சிக்கின. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1977-ஆம் ஆண்டு முதல் வங்கத்திற்கும் சென்னைக்கும் இடையே நம்மவரைச் சுமந்து வரும் வண்டி அது. அன்று பயணத்தைத் தள்ளி வைத்ததால் பிழைத்த ஒருவர், இறைவன் காத்தான் என்று கூறிக் கைகூப்பினால் அவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் மகனை இழந்த தாயின் எதிரில் நின்று அச்சொல்லைச் சொல்ல எவருக்கும் நா எழாது. தப்பியவரை மட்டும் சான்றாகக் காட்டும் பேச்சு, இழந்தவரின் துயரத்தின்மேல் மற்றொரு சுமையை ஏற்றிவிடும்.

அவ்விபத்தை இறைவன் கணக்கில் எழுதவும் நாம் துணியோம். மனிதர் செய்யவேண்டிய சைகை வேலையில் நேர்ந்த பிழையே காரணம் என்று விசாரணை கூறிற்று. அதே இரவில் வேறொன்றும் நிகழ்ந்தது. மீட்புப் படையினர் வந்து சேர்வதற்கு முன்னரே அருகிலிருந்த சிற்றூர் மக்கள் ஓடிவந்து, இருளில் பெட்டிகளுக்குள் புகுந்து, காயமுற்றோரை வெளியே கொணர்ந்தனர். பாலேஸ்வரத்து மருத்துவமனையில் முன்பின் அறியாத மனிதருக்கு இரத்தம் கொடுக்க இளைஞர்கள் திரண்டு நின்றனர். அருளின் கை அன்றிரவு எங்கேயேனும் தென்பட்டது என்றால், அது அந்த வரிசையில்தான் என்று நாம் கருதுகிறோம்.

இதிலிருந்து ஓர் எண்ணம் நமக்குத் தெளிவாகிறது. மற்றவர்க்குக் கிட்டாது நமக்கு மட்டும் வாய்த்ததில் இறைவனின் பரிவைத் தேடினால், அத்தேடல் விரைவில் தன்னலமாக மாறும். யாரும் கேளாமலே எல்லோர்க்கும் நாள்தோறும் வந்துகொண்டிருக்கும் சின்னஞ்சிறு ஒழுங்குகளிலும், அவற்றைத் தாங்கி நிற்கும் கைகளிலும் தேடுவதே நேரிய வழி.

நம் தொழிலிலிருந்தே ஒன்று கூறுவோம். ஒரு வண்டி தாமதமாக வந்தால், ஏன் தாமதம் என்று காரணம் எழுதியாக வேண்டும், மேலிடத்திலிருந்து வினவுவார்கள், விளக்கம் அனுப்ப வேண்டும். வண்டி குறித்த நேரத்தில் வந்தால் அந்த நேரம் மட்டும் பதிவாகும். ஏன் சரியாக வந்தது என்று எழுத எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது. அவ்வாறு வருவதற்குக் காரணமானவர்களோ பலர். விடியுமுன் தண்டவாளத்தின் ஓரமாகத் தோளில் சுத்தியலோடு நடந்து, தண்டவாளத்தைக் கட்டைகளோடு பிணைக்கும் இரும்புப் பிடிகளில் எது தளர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் தொழிலாளி ஒருவர் உண்டு. வெயிலிலும் பனியிலும் அவருக்குரிய தூரத்தை அவர் நடந்தே தீரவேண்டும். அவர் இறுக்கிய பிடியால் நிகழாமற்போன விபத்து எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நிகழாத தீமைக்குப் பெயரில்லை. ஆகையால் அதற்கு நன்றியும் இல்லை. நம் வாழ்நாளின் பெரும்பகுதி இவ்வாறு பெயரில்லாத நன்மைகளாலேயே நடந்துகொண்டிருக்கிறது.

இதனினும் பெரியதொரு சான்று நாம் குடியிருக்கும் சால்ட் லேக்கின் அருகிலேயே இருக்கிறது. இந்நகர் எழுந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. பெயருக்கேற்ப இவ்விடம் முன்னர் உப்பு ஏரிச் சதுப்பாக இருந்தது. மேற்கு வங்கத்தின் முதலமைச்சராக விளங்கிய டாக்டர் பிதான் சந்திர ராய் அவர்கள், நெரிசலில் திணறிய கொல்கத்தாவிற்குப் புதியதொரு குடியிருப்பு வேண்டுமென்று கருதி, 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் ஏரியைத் தூர்க்கும் பணியைத் தொடங்கிவைத்தார். ஹூக்ளி ஆற்றின் வண்டலை நீரோடு கலந்து நெடிய குழாய்களின் வழியே கொண்டுவந்து நிரப்பினர். யூகோஸ்லாவிய நாட்டு நிறுவனம் ஒன்று அப்பணியை ஏற்றது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள் டாக்டர் ராய் காலமானார். அவர் நினைவாகவே இந்நகருக்குப் பிதான்நகர் என்று பெயர் வழங்கலாயிற்று. ஆகவே நாம் கோலமிடும் வாசல் ஒருகாலத்தில் நீர்ப்பரப்பாக இருந்தது.

தூர்க்கப்படாமல் எஞ்சிய நீர்ப்பரப்பு நமக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் பரந்து கிடக்கிறது. கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் என்று அதனை இப்போது வழங்குகிறார்கள். கொல்கத்தா நகரம் ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்ததெனினும், அதன் நிலம் ஆற்றை விட்டுக் கிழக்கு நோக்கியே சிறிது சரிகிறது. கண்ணுக்குப் புலப்படாத அச்சரிவினால், நகரத்து இல்லங்களில் பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் மழைநீரும் கிழக்கு நோக்கி ஓடுகின்றன. முற்காலத்தில் வித்யாதரி என்னும் ஆறு அதனை ஏற்றுச் சென்றது. அவ்வாறு மண் மேவி, 1928-ஆம் ஆண்டில் இறந்த ஆறு என்று அறிவிக்கப்பட்டது. கடல்நீர் வரத்தும் நின்றுபோன ஏரிகளில் அங்குள்ள மீனவர்கள் நகரத்துக் கழிவுநீரைச் சிறுகச் சிறுகப் பாய்ச்சி மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டனர்.

அவர்கள் அதனைச் செய்யும் முறை வியப்புக்குரியது. பேரி என்று வங்க மொழியில் வழங்கும் அந்தக் குளங்கள் பெரும்பாலும் முழங்கால் அளவோ இடுப்பளவோ ஆழமே உடையவை. ஆழம் குறைவாதலால் கதிரவனின் ஒளி அடிவரை செல்கிறது. ஒளி பெற்ற பாசி தழைத்துப் பிராணவாயுவை நீரில் விடுகிறது. அவ்வாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. சிதைந்த அழுக்குப் பாசிக்கு உரமாகிறது. பாசி மீனுக்கு உணவாகிறது. கரையைச் சுற்றி ஆகாயத்தாமரையை வளர்த்து அலை கரையை அரிக்காமல் காக்கிறார்கள். மற்ற ஊர்களில் தொல்லைச் செடி என்று பிடுங்கி எறியப்படுவது இங்குக் காவலாகிறது. சில வாரங்களில் நாற்ற நீர் தெளிந்து விடுகிறது. நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே பக்குவம் அறிந்து, அதன் பின்னரே மீன்குஞ்சுகளை விடுகிறார்கள். பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாத பலர் தந்தையரிடமிருந்து கற்ற அறிவு இது.

நகரத்திலிருந்து நாள்தோறும் 70 கோடி லிட்டருக்கும் மேல் கழிவுநீர் கிளம்புகிறது. அதற்கு ஈடான பெரும் சுத்திகரிப்பு ஆலைகளை நிறுவியிருந்தால் ஆகியிருக்கும் செலவு இந்நீர்ப்பரப்பினால் மிஞ்சியது. அதோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டன் மீனும் நகரத்துச் சந்தைகளுக்கு வருகிறது. மீன் உண்ணாத நம் குடும்பத்தினரும் இதற்குப் புறம்பானவர் அல்லர். தாப்பாவைச் சுற்றிய நிலங்களில் விளையும் கீரையும் காலிபிளவரும் இந்நகர்ச் சந்தைகளில் விற்கின்றன.

இவ்வளவு பெரிய தொண்டு நெடுங்காலம் கணக்கில் ஏறாமலே நடந்தது. 1980-களின் தொடக்கத்தில், அரசாங்கப் பொறியாளராக இருந்த துருபஜோதி கோஷ் என்பவர், நகரத்துக் கழிவுநீர் எங்கே செல்கிறது, என்ன ஆகிறது என்று ஆராயப் புறப்பட்டு, நடந்தே சென்று மீனவர்களிடம் கேட்டறிந்து இதனை உலகுக்கு எடுத்துரைத்தார். 2018-இல் மறையும்வரை அந்நீர்நிலைகளுக்காகவே பேசினார். 1992-ஆம் ஆண்டு கல்கத்தா உயர்நீதிமன்றம் அப்பகுதியைத் தூர்க்கலாகாது என்று தடை விதித்தது. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 12,500 ஹெக்டேர் பரப்பு, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2006-இல் அதனைக் காக்கத் தனிச் சட்டமும் வந்தது.

வெயிலும் பாசியும் நுண்ணுயிரும் செய்யும் வேலையில் இறைவனை ஏன் இழுக்கவேண்டும் என்று நம் இளைஞர் சிலர் வினவக்கூடும். நன்று. பாசி எவ்வாறு வேலை செய்கிறது என்று அறிவியல் கூறட்டும்; அதனை நாம் மகிழ்ந்து கற்போம். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும்படி அமைந்த ஒழுங்கை எந்தப் பொறியாளரும் வரையவில்லை. கதிரவன் குளத்தின்மேல் காய்வதற்கு எவரிடமும் கட்டணம் வாங்கவில்லை. நன்றி அறியாதவன் இல்லத்து அழுக்கையும் அது தூய்மை செய்கிறது. வேண்டுதல் வேண்டாமை இன்றி எல்லோர்க்கும் ஒப்ப வரும் இப்பரிவை இறைவன் செயல் என்று கூற நமக்கு நாணமில்லை. வேறு பெயரிட்டு அழைப்பவரோடு நமக்குப் பகையும் இல்லை. அவரும் அதன்முன் பணிந்து நின்றால் போதும்.

பணிவு என்பது கைகூப்புவதோடு முடியாது. இந்நீர்நிலைகளின் ஓரங்களைச் சட்டத்தை மீறித் தூர்த்து மனை போடும் முயற்சிகள் ஓய்ந்தபாடில்லை. ஏரியைத் தூர்த்து எழுந்த நகரில் வாழும் நாம் பிறரைக் குற்றம் கூறுமுன், நமக்கு இதில் ஒரு கடன் உண்டென்று உணர வேண்டும். விலை மலிவென்று மனை வாங்க விழையும் அன்பர்கள், அந்நிலம் பத்தாண்டுக்கு முன் என்னவாக இருந்தது என்று விசாரித்துக்கொள்க. வண்ணம் பூசியபின் எஞ்சிய இரசாயனத்தையும், வண்டிகளின் பழைய எண்ணெயையும், பிளாஸ்டிக் பைகளையும் சாக்கடையில் விடாதிருப்போமாக. உணவின் அழுக்கைப் பாசி ஏற்கும், நஞ்சை ஏற்காது. அருளை வேண்டி விளக்கேற்றும் கை, அருள் வரும் வாய்க்காலை அடைத்தல் தகுமோ?

இந்நகரில் வாழ்ந்த அன்னை சாரதாதேவியாரைப் பற்றி ஒரு செய்தி கூறுவர். பெருக்கி முடித்தபின் துடைப்பத்தை ஒருவர் அலட்சியமாக மூலையில் வீசியதைக் கண்ட அன்னையார், அதற்கும் உரிய மதிப்பைத் தரவேண்டும் என்று அறிவுறுத்தினாராம். 1911-இல் இராமேசுவரத்துத் திருக்கோயிலைத் தரிசித்துத் திரும்பிய அப்பெருமாட்டியார், இறைமையைத் துடைப்பத்திலும் மறவாதவர். நமக்கு அப்பெருநிலை கைகூடுதல் அரிது. அதன் ஓரத்தையேனும் தொட முயலலாம்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு எளியதொரு பழக்கத்தைக் கூறி அமைகிறோம். மாலையில் விளக்கேற்றிய பின், பிள்ளைகளை அருகில் அமர்த்தி, இன்று எவரும் கவனியாமல் நமக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒருங்கே வந்த நன்மை ஒன்றைக் கூறச் சொல்லுங்கள். குழாயில் நீர் வந்தது, வண்டி தடம் பிறழாமல் சென்றது, தெருவின் குப்பை விடியுமுன் அகன்றது என்று எதுவாயினும் ஆகலாம். அதற்குப் பின்னே நின்ற மனிதர் யார் என்றும் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் மறுநாள் சென்று அறிந்து வரட்டும். அவ்வாறு அறிந்த தொழிலாளியைத் தெருவில் கண்டால் பணிவோடு வணக்கம் கூறவும் கற்பியுங்கள். எல்லோர்க்கும் வந்ததற்கு நன்றி கூறப் பழகிய குழந்தை, தனக்கு வாராததைக் கண்டு இறைவனை வெறுக்காது. பிறர்க்கு வாராதபோது தானே கொண்டுபோய்க் கொடுக்கவும் எழும்.