அஞ்சு டாலர் கையெழுத்தும் சித்தூர் பஸ்ஸும்

போன ஞாயிறு கொல்லங்கோட்டிலிருந்து தங்கை போன். மகளுக்கு பி.காம். சேர சித்தூர் அரசுக் கல்லூரியிலும் இடம், கோயமுத்தூரில் ஒரு தனியார் கல்லூரியிலும் இடம். (ஆந்திரா சித்தூர் இல்லீங்க, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்.) "அண்ணா, நீங்க பேங்க்ல இருக்கீங்க. லோன் போட்டு கோயமுத்தூருக்கே அனுப்பிடலாமா?" என்றாள். பின்னாலிருந்து மருமகள் குரல்: "மாமா, சித்தூர்ல படிச்சா யாரு மதிப்பா?"

சுருக்கென்றது. நான் பி.காம். படித்தது அங்கேதான்.

கல்லூரி ஆரம்பித்தது 1947இல். அப்போது சித்தூர் கொச்சி சமஸ்தானம், எங்கள் கொல்லங்கோடு பிரிட்டிஷ் மலபார். இரண்டு ஊர் பிள்ளைகளுக்கும் அது போக்கிடம். வீட்டில் சாப்பிட்டுவிட்டு, டிபன் டப்பாவோடு பஸ் ஏறி, சாயந்திரம் திரும்பிவிடலாம். கோயமுத்தூர் என்றால் அப்பா என்னை அனுப்பியிருப்பார், தங்கையை அனுப்பியிருக்க மாட்டார். இன்று லோன் கேட்கிறவளும் அந்தப் பஸ்ஸில் போய்த்தான் பட்டதாரி ஆனாள். அதை அவளே மறந்துவிட்டாள்!

சரி, நான் இருக்கும் ஊர் கதைக்கு வருகிறேன். பிரின்ஸ் ஜார்ஜ், கனடா. வான்கூவரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டர், மரம் அறுக்கிற ஊர். 1980களில் இந்த வடக்குப் பகுதிக்கென்று ஒரு பல்கலைக்கழகம் கிடையாது. மேல்படிப்புக்குத் தெற்கே போன பிள்ளைகளில் பலர் திரும்பவில்லை. மக்கள் மனு எழுதினார்கள். கையெழுத்துப் போட ஆளுக்கு 5 டாலர் கட்டணம். 16,000 பேர் பணம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். 1990இல் சட்டம் வந்தது, 1994இல் வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் முழுமையாகத் திறந்தது. 2004இலிருந்து இங்கேயே டாக்டர் படிப்பும் உண்டு. வடக்கில் படித்தவர் வடக்கில் தங்குவார் என்பதுதான் கணக்கு.

"நீ தங்கினியா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் என் வகுப்பில் பெரும்பாலோர் தங்கினார்கள். கூட்டுறவு வங்கியில், பள்ளிக்கூடத்தில், தாலுகா ஆபீஸில் இருக்கிறார்கள். கேரளா பிஎஸ்சியில் தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று தனியாக கிளார்க் வேலைகள் உண்டு. அதற்கு உள்ளூரில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் வேண்டாமா? ஓடி வந்த என்னை வைத்துக் கல்லூரியை அளக்கக் கூடாது.

மற்ற மலையோரங்களையும் பாருங்கள். அட்டப்பாடிக்கு அரசுக் கல்லூரி வந்ததே 2012இல். அதுவரை ஆதிவாசிப் பிள்ளைகள் சுரம் இறங்கி மன்னார்க்காடு போகணும். மூணாறு அரசுக் கல்லூரி தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் ஆசரா. 2018 ஆகஸ்ட் நிலச்சரிவில் கட்டடமே போய், வகுப்புகள் வேறு கட்டடங்களுக்கு மாறின. தேயிலைக் கூலியில் பிள்ளையை வெளியூர் விடுதியில் வைத்துப் படிக்க வைப்பது லேசா?

கடன் கோப்பு பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பி.காம். மாதிரி படிப்புக்கு வீட்டை விட்டுப் போனால் ஃபீஸைவிட விடுதியும் சாப்பாடும்தான் கடனை ஊதிவிடும். கேரளாவில் 2024 முதல் நான்கு வருஷ ஆனர்ஸ் வேறு வந்திருக்கிறது. அதையும் கடனில் படித்தால் இன்னும் ஒரு வருஷச் செலவு.

சித்தூரில் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. புதுப் பாடங்கள் வேண்டும், காலையில் நேரத்துக்கு பஸ் வேண்டும், பெண்பிள்ளைகளுக்கு விடுதி வேண்டும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? சங்கத்தில் பணம் திரட்டி, முதல் மார்க் வாங்கிய ஒரு பிள்ளையை வெளியூருக்கு அனுப்பி போட்டோ எடுத்துக்கொள்கிறோம். மீதி முப்பது பேர்? அவர்கள் போகிற கல்லூரிக்குப் புத்தகம், பஸ் பாஸ், ஒரு நல்ல மனு... இதற்கு யாரும் கைதூக்குவதில்லை. இந்த ஊர்க்காரர்கள் கையெழுத்துக்கு அஞ்சு டாலர் கொடுத்தார்கள். நாமும் கொடுக்கலாமே?

தங்கையிடம் சித்தூர் என்றே சொன்னேன். "யோசிக்கிறோம்ணா" என்றாள். மருமகள் இன்னும் என்னோடு பேசவில்லை :)