வாடகை வீடும் குலவிசாரணையும்

மும்பையில் வீடு கேட்டு வருபவரை விசாரிப்பது தவறன்று. அடையாள அட்டை, வருமானச் சான்று கேட்கலாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் பொறுப்பை 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமையாளர்மீதே சுமத்துகிறது. ஆனால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ் உரிமையாளர் சிலர் நடத்தும் விசாரணை வேறு. "சைவமா?" என்னும் வினா உணவைப் பற்றியதன்று; சாதியையும் மதத்தையும் நாசூக்காகக் கேட்கும் வழி. தாராவி முகவரி என்றால் அந்த வினாவும் தேவைப்படுவதில்லை.

1917இல் பரோடா அரசுப் பணியேற்ற அம்பேத்கரிடம் பதவி இருந்தது, சம்பளம் இருந்தது. வீடுதான் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கியவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. அவர் பின்னர் கட்டிய ராஜகிருகம் மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில்தான் நிற்கிறது!

அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு எனப் பட்டியலிடுகிறது. வாடகை வீட்டைச் சொல்லவில்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற வீட்டுவசதிச் சங்க விதியை உச்ச நீதிமன்றமும் 2005இல் ஏற்றது. பிரிட்டனும் அமெரிக்காவும் 1968லேயே வீட்டுப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்தன.

சொத்துரிமை என்பர். 1966இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியரைக் குறிவைத்தபோது, பிறப்பைக் கேட்டு ஒதுக்குவது அநீதி என்று முறையிட்டதும் இதே சமூகமே. சாதி, மதம், உணவு கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் ஒரு பிரிவு மகாராஷ்டிர வாடகைச் சட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும்.