ஊற்றும் மயிலும் விற்பனைக்கு, உழுதவர் எங்கே?

கடந்த மாதம் பேருந்து நிலையத் தேநீர்க் கடைச் சுவரில் ஒரு விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. மலையடிவாரத்தில் ஒரே தொகுப்பாகப் பண்ணை நிலம் விற்பனைக்கு. கோடையிலும் வற்றாத ஊற்று. மயிலும் மானும் வந்து போகும் என்று போட்டிருந்தார்கள். கீழே தரகரின் கைப்பேசி எண். சர்வே எண் மட்டும் இல்லை.

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்ததும் சொன்னார்: “எங்க தாத்தா கம்பு வெதச்ச காடு தம்பி அது. அந்த ஊத்துலதான் எங்க அம்மா தண்ணி மொண்டுச்சு. இப்ப ஆடு உள்ள போனாக்கூட வெரட்டுறான்.” எப்படிக் கை மாறியது என்று கேட்டேன். பஞ்ச காலத்தில் இரண்டு மூட்டை தானியத்துக்காக ஈடு வைத்தார்களாம். ஈடு வாங்கியவர் திருப்பித் தரவே இல்லை. அவர் மகன் பெயருக்குப் பட்டா மாறியது. அங்கிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இப்போதைய வேலிக்காரர். பெரியவர் வீட்டுத் தகரப் பெட்டியில் தாத்தா கட்டிய தீர்வை ரசீது மட்டும் மிச்சமிருக்கிறது.

தமிழ் படிக்கும் மாணவர்களுக்குக் கருப்பொருள் என்றால் என்ன என்று தெரியும். நம்பியகப்பொருள் அதைப் பதினான்காக எண்ணுகிறது. பறவை, விலங்கு, நீர், மரம் இருக்கிற அதே வரிசையில் ஊரும் தொழிலும் மக்களும் இருக்கிறார்கள். தரகரின் தாளில் பறவை உண்டு, விலங்கு உண்டு, நீர் உண்டு. மக்களை மட்டும் காணோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். மயிலை யாரும் விற்க முடியாது. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. ஊற்றிலிருந்து இறங்கும் ஓடை வருவாய்ப் பதிவேட்டில் பெரும்பாலும் புறம்போக்கு. அதற்கு வேலி போடும் உரிமை எந்தப் பட்டாதாரருக்கும் கிடையாது. மிச்சமிருப்பது மண். அந்த மண் யாருடையது என்பதுதான் நம் கேள்வி.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததுதான் இவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்பதை அதில் எடுத்துக்காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. நாம் பஞ்சமி நிலம் என்கிறோம். வருவாய்த் துறையினர் டி.சி. நிலம் என்பார்கள், கிராமத்தில் கண்டிஷன் பட்டா என்பார்கள். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாகத் தலித் இயக்கங்கள் சொல்லி வருகின்றன.

அந்தக் கண்டிஷன் என்ன? முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகு விற்பதானால் இன்னொரு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத்தான் விற்கலாம். மீறினால் அந்தப் பரிமாற்றம் செல்லாது. அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். வருவாய் நிலையாணை 15 இதைச் சொல்கிறது. நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

இருந்தும் நிலம் போனது. கடனுக்கு ஈடாகப் போனது, கைநாட்டில் போனது, மிரட்டலில் போனது. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், பல ஊர்களில் அனுபவத்தில் இருந்தவர் பெயரே பட்டாவில் ஏறியது. பழைய நிபந்தனை புதிய பதிவேட்டுக்கு வராமல் நின்றுபோனது. இன்று கணினியில் பட்டா எடுத்துப் பார்ப்பவருக்கு அது சாதாரண ரயத்துவாரி நிலமாகத் தெரியும். மீட்கக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் மறக்கக் கூடாது. காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள்.

“இத்தனை கை மாறிய பிறகு என்னண்ணே செய்ய முடியும்?” என்று கூட்டங்களில் இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து உதாரணம். அங்கே சான் லூயி என்ற ஊருக்கு மேலே பெரிய மலைத்தொடர் நிலம் இருக்கிறது. மெக்சிகோ அரசு 1844இல் மானியமாகக் கொடுத்த நிலத்தின் ஒரு பகுதி அது. அடிவாரத்தில் குடியேறிய ஸ்பானிய மொழி பேசும் எளிய விவசாயிகள் அந்த மலையில் மாடு மேய்க்கலாம், விறகு எடுக்கலாம், மரம் வெட்டலாம் என்று மானியக்காரர் 1863இல் எழுதிக் கொடுத்தார். 1960இல் ஜாக் டெய்லர் என்ற மர வியாபாரி சுமார் 77,000 ஏக்கரை விலைக்கு வாங்கி வேலி போட்டு வழியை அடைத்தார். ஊர் மக்கள் 1981இல் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் தோற்றார்கள், விடவில்லை. 2002இல் மாநில உச்ச நீதிமன்றம் மேய்ச்சல், விறகு, மரம் ஆகிய மூன்று உரிமைகளையும் திருப்பிக் கொடுத்தது. வேட்டையும் மீன்பிடிப்பும் கிடைக்கவில்லை.

அதோடு முடியவில்லை. உரிமை பெற்ற நிலங்களைத் தொடர்ந்து வைத்திருப்பவர்கள் யார் யார் என்று பத்திரம் பத்திரமாகத் தேடிப் பட்டியல் எடுத்தார்கள். 2017இல் அதே பண்ணை 10.5 கோடி டாலர் விலை சொல்லி விற்பனைக்கு வந்தது. மலைச் சிகரம், ஓடைகள், மான் கூட்டம் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் வாங்கியவர் ஊர்க்காரர்களின் உரிமையையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. நிலம் எத்தனை கை மாறினாலும் அதன் மேல் எழுதப்பட்ட உரிமை கூடவே வரும். அவர்களிடம் இருந்தது பயன்படுத்தும் உரிமை. நமக்கு இருப்பது நிலத்தின் மீதே உரிமை. நம் காகிதம் அவர்களுடையதைவிட வலுவானது.

ஆகவே படித்த பிள்ளைகளிடம் கேட்கிறேன். இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் சர்வே எண்ணைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். அந்த எண்ணுக்கு யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். குறிப்புக் கட்டத்தில் டி.சி. என்றோ நிபந்தனை என்றோ இருக்கிறதா பாருங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பட்டியல் சாதியினரின் நிலத்தைப் பறிப்பதும், நிலம், நீர் மீதான அவர்களின் உரிமையில் குறுக்கிடுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் ஊரில் சொல்லுங்கள்.

நகரத்தில் சேமித்த பணத்தைக் கொண்டுவந்து பண்ணை வாங்க நினைப்பவர்களுக்கும் இது எச்சரிக்கை. வில்லங்கச் சான்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் பதிவான பத்திரங்கள் தெரியும். 1892இன் நிபந்தனை தெரியாது.

அரசிடம் கேட்பது ஒன்றுதான். பஞ்சமி நிலங்களின் சர்வே எண்களை ஊர்வாரியாக வெளியிடுங்கள். அந்த எண்களைப் பதிவு அலுவலகக் கணினியில் பூட்டுங்கள். கோவில் நிலத்துக்குச் செய்ய முடிகிறது என்றால் இதற்கும் முடியும்.

பெரியவரின் ரசீதில் மங்கலாக ஒரு சர்வே எண் தெரிந்தது. அதை வைத்து மனு எழுதினோம். அவரே கையெழுத்துப் போட்டார். அறிவொளி இயக்க வகுப்பில் கற்ற கையெழுத்து. பதில் இன்னும் வரவில்லை. வரும் வரை அந்த விளம்பரத் தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறோம்: “சர்வே எண் என்ன?”