மாக்னம் மெலிந்துவிட்டதா?

“பழைய தோட்டாவின் வேகம் இப்போதையதற்கு ஏது?” என்று அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் ஏங்குவதுண்டு. அவர்கள் பெரிதும் சுட்டுவது 1935ஆம் ஆண்டில் சிமித் அன்ட் வெசன் நிறுவனமும் வின்செஸ்டர் நிறுவனமும் வெளியிட்ட ·357 மாக்னத்தையே. இந்தப் பெயர் பெரிய மதுப்போத்தலுக்கு வழங்கிய பெயராகும்.

அக்காலத்துக் கொள்ளையர் மோட்டார் வண்டிகளின் மறைவிலிருந்து சுட்டனர். பொலிசாரின் ·38 குண்டு வண்டியின் தகட்டைத் துளைக்கத் திணறியது. எனவே அதே பருமனுள்ள குண்டை, சற்று நீண்ட கோதில், மிகுந்த மருந்துடன் அமைத்தனர். பழைய, வலுக்குறைந்த ரிவோல்வர்களுள் இது புகுந்துவிடலாகாது என்பதற்காகவே கோதின் நீளம் கூட்டப்பட்டது.

158 கிறெயின் நிறையுள்ள குண்டு விநாடிக்கு 1,510 அடி செல்லும் என விளம்பரம் கூறிற்று. இன்றைய பெட்டியிலோ அதே நிறைக்கு 1,235 அடி என்றே காணப்படுகிறது. சக்தியைக் கணக்கிட்டால், 800 அடி-இறாத்தல் 535 ஆகக் குறைந்திருக்கிறது. மூன்றிலொரு பங்கு எங்கே மறைந்தது?

முதற்கண் அளந்த குழலைக் கவனிக்க வேண்டும். 1935இல் அளந்தது எட்டே முக்கால் அங்குலக் குழலில். பின்னர் எட்டேகால் அங்குலத்திற்குச் சற்றே நீண்ட குழலில் அளந்து 1,410 அடி என்றனர். 1970ஆம் ஆண்டுகளில், ரிவோல்வரில் வாயு கசியும் இடைவெளியையும் ஒத்திருக்கும்படி செய்த நான்கு அங்குலக் குழலுக்கு மாறினர். பொலிசார் இடுப்பில் அணிந்தது பெரும்பாலும் அத்தகைய குட்டைக் குழல்தானே! ஆகவே பழைய எண் பொய்யன்று. ஆனால் வாங்கியவர் கைத்துப்பாக்கிக்கு அது பொருந்தியதுமன்று. குறைவில் பெரும்பகுதி அளவுகோலின் மாற்றமே.

எஞ்சியது உண்மையான குறைவுதான். அதற்கும் காரணமுண்டு. முதல் மாக்னம் ரிவோல்வர் மூன்று இறாத்தலை நெருங்கிய கனத்த பொறி. 1955இல் அதனிலும் மெல்லிய உடலில் அதே தோட்டா புகுந்தது. இன்றோ ஏறத்தாழ முக்கால் இறாத்தலே நிறையுள்ளவையும் விற்பனையாகின்றன. அவற்றில் முன்னாளைய தோட்டாவைச் சுடுபவர் தம் மணிக்கட்டைத்தான் முதலில் நொந்துகொள்வார். 1955ஆம் ஆண்டு மாதிரியிலேயே, வேகமிக்க இலேசான குண்டுகளைத் தொடர்ந்து சுட்டபோது, குழலின் பின்முனை வெடித்ததுண்டு.

இன்னொன்று: ஆரம்பத்தில் குண்டு வெறும் ஈயம். அவ்வேகத்தில் அது குழலினுள்ளே ஈயத்தைப் பூசிவிட்டது. சுத்தஞ் செய்வது பெரும்பாடு. இன்றைய குண்டு செப்புக் கலவை உறையணிந்தது. வேகம் குறைந்தாலும் இலக்கினுள் விரியும்படி வடிவமைக்கப்பட்டது.

பழைய வேகத்தை நெருங்கும் தோட்டாக்களை இன்றும் சில சிறு நிறுவனங்கள் விற்கின்றன. வாங்குவோர் பெட்டியில் அடிக்கணக்கைப் பார்க்குமுன், அதன் அருகே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் குழலின் நீளத்தைப் பார்ப்பது நலம்.