கல்யாண போட்டோ யாருக்குச் சொந்தம்? அட்வான்ஸுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

மணலி புதுநகரில் கல்யாணமா? ரீல்ஸை மட்டும் பார்த்து போட்டோகிராபரை முடிவு பண்ணாதீங்க. அது பொறுக்கியெடுத்த முப்பது நொடிதான். ஒரு முழு ஆல்பத்தைக் கேளுங்க; மண்டப வெளிச்சத்தில் முகங்கள் எப்படி வந்திருக்குன்னு அதில் தெரிஞ்சிடும்.

அதைவிட முக்கியம், ஒப்பந்தம். 1957 பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17-இன்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர் நீங்கதான். ஆனால், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் அது செல்லாது. பொடி எழுத்தில் ‘காப்பிரைட் ஸ்டுடியோவுக்கே’ன்னு இருக்கும் தாளில் படிக்காமல் கையெழுத்து போட்டா, உரிமை கைமாறிடும்.

ட்ரோன் வேணுமா? 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் பறக்க மத்திய அரசு அனுமதி வேணும். சுத்திகரிப்பு ஆலை இருக்கும் ஏரியா இது; ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தைப் பார்த்துட்டு புக் பண்ணுங்க.

ஒரிஜினல் ஃபைல்கள் எந்தத் தேதியில் கிடைக்கும், உங்க படத்தை விளம்பரத்துக்குப் போடலாமா? ரெண்டையும் எழுத்தில் வாங்குங்க. ரேட் பேசுறதெல்லாம் அப்புறம்.